அரசு வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் சாட்சிக்கு

சாட்சி சொல்ல வருபவர்களில் பெரும்பாலோர் அரசு வழக்கறிஞரை முதன்முதலாகப் பார்ப்பதே கூண்டில் ஏறப்போகும் அன்று காலைதான். மணி பத்தேகால். கோர்ட் ஹால் வாசலில், ஒரு கையில் கேஸ் கட்டு, இன்னொரு கையில் போன். "புகார் குடுத்தது நீங்கதானா? அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதைச் சொல்லிடுங்க." பேச்சு அதோடு முடிந்துவிடும். இரண்டு மூன்று வருஷம் காத்திருந்தவருக்கு இது முகத்தில் அடித்தாற்போல இருக்கும். "நம்ம வக்கீலே நம்மகிட்ட பேச மாட்டேங்கிறாரே" என்று வெளியே வந்து புலம்புவார்கள்.

சிக்கல் அந்த "நம்ம வக்கீல்" என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. அவர் உங்கள் வக்கீல் இல்லை. குற்ற வழக்கை நடத்துவது அரசு. புகார் கொடுத்தவரும் அடிபட்டவரும் அந்த வழக்கில் சாட்சிகள். உங்கள் பெயர் அ.சா.1 (அரசுத் தரப்பு சாட்சி 1) ஆகிவிடும், உங்கள் ரத்தக்கறை படிந்த சட்டை சா.பொ.1 (சான்றுப் பொருள் 1) ஆகிவிடும். அரசு வழக்கறிஞர் உங்களிடம் ஃபீஸ் வாங்குவதில்லை. உங்கள் விருப்பப்படி வழக்கை நடத்த வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கையில் இருக்கும் கட்டில் போலீஸ் எழுதி வைத்திருப்பதுதான். அந்தக் காகிதத்துக்கும் உங்கள் வாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தால், அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்களிடமிருந்து. எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வியிலிருந்து அல்ல.

யாரைத் தேடிப் போவது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கை நடத்துபவர் ஏ.பி.பி. எனப்படும் அரசு உதவி வழக்கறிஞர், டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வரும் முழுநேர அரசு ஊழியர். கொலை, கொலை முயற்சி, பாலியல் வன்முறை மாதிரியான வழக்குகள் போகும் செஷன்ஸ் கோர்ட்டில் பி.பி. எனப்படும் அரசு வழக்கறிஞர் அல்லது கூடுதல் பி.பி. இவர்கள் குறைந்தது 7 ஆண்டு தொழில் செய்த வக்கீல்கள். மாவட்ட நிர்வாகம், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து தயாரிக்கும் பட்டியலிலிருந்து அரசு நியமிக்கிறது. ஆட்சி மாறினால் இவர்களும் மாறுவது வழக்கம். ஆகவே முந்தைய பி.பி.யிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று சும்மா இருக்க வேண்டாம். புதியவர் வந்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

போகும்போது வழக்கு எண் கையில் இருக்கட்டும். ஸ்டேஷனில் கொடுத்தது குற்ற எண். குற்றப்பத்திரிகை கோர்ட்டில் கோப்புக்கு எடுக்கப்பட்டால் சி.சி. எண் விழும். செஷன்ஸுக்குப் போக வேண்டிய வழக்கானால் முதலில் பி.ஆர்.சி. எண், பிறகு எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) எண். ஒரே வழக்குக்கு மூன்று எண். பழைய எண்ணை வைத்துக்கொண்டு கோர்ட் கோர்ட்டாக அலைபவர்களைத் தினமும் பார்க்கலாம். கோர்ட் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதி வீட்டிலிருந்தே தெரியும்.

2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் மாறிவிட்டதால் இன்னொரு குழப்பம். போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தை ஒருவர் "161 ஸ்டேட்மென்ட்" என்பார், இன்னொருவர் "180" என்பார். இரண்டும் ஒன்றுதான். மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பது பழைய 164, இப்போது 183. அந்தத் தேதிக்கு முன்பே கோர்ட்டில் நடந்துகொண்டிருந்த வழக்குகள் பழைய நடைமுறைப்படியே நடக்கும்.

போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பது சட்டம். பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதுவது), கைப்பற்றுதல் மகஜர் (பொருளைக் கைப்பற்றும்போது எழுதுவது) இவற்றில் சாட்சியாக நின்றவர் கையெழுத்துப் போடுவார், அது வேறு. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 193 சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் அந்தப் பிரிவையே குறிப்பிட்டு எஸ்.பி.க்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் போடலாம். பெண்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் வர வேண்டும்.

அரசு வழக்கறிஞரைச் சாட்சி நாளுக்கு முன்பே பார்க்க முடியுமா? முடியும். அந்தந்த ஸ்டேஷனின் கோர்ட் வேலையைக் கவனிக்க ஒரு காவலர் இருப்பார். கோர்ட் கான்ஸ்டபிள் என்று கேட்டால் காட்டுவார்கள். எந்தக் கட்டு யாரிடம் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். காலை பத்தரை மணிக்குப் போய் நிற்பதில் பலனில்லை. ஜாமீன் மனுக்கள், ரிமாண்டு, ஆஜர் என்று அப்போது மூச்சு விட நேரமிருக்காது. கோர்ட் எழுந்த பிறகு, மாலை நாலரைக்கு மேல், அவருடைய அறையில் பாருங்கள். முதல் சந்திப்பில் பத்து நிமிஷம் கிடைத்தால் அதிகம்.

அந்தச் சந்திப்பு அவர் அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் அல்ல. சாட்சி நாளுக்கு முந்தின நாள் "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க, என்ன சொல்லணும்னு சொல்றோம்" என்று போன் வரும். போகாதீர்கள். தமிழ்நாட்டுக் கொலை வழக்கு ஒன்றில் சாட்சிகளை முந்தின நாள் ஸ்டேஷனுக்கு வரவழைத்து எப்படிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று போலீஸ் சொல்லிக்கொடுத்தது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மிகக் கடுமையாகக் கண்டித்து, தண்டனையை ரத்து செய்தது, விசாரிக்கும்படி டி.ஜி.பி.க்கும் உத்தரவிட்டது. உதவி செய்வதாக நினைத்துப் போலீஸ் செய்தது வழக்கையே கவிழ்த்துவிட்டது. அரசு வழக்கறிஞரைப் பார்ப்பதில் மறைக்க ஒன்றுமில்லை. "பி.பி.யைப் பாத்தீங்களா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் "பார்த்தேன்" என்று சொல்லுங்கள். பதறிப்போய் "இல்லை" என்று சொல்லும் அந்த ஒரு பொய், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிடும்.

பத்து நிமிஷத்தில் என்ன சொல்வது? சம்பவத்தை முழுக்கச் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்; அது கட்டில் இருக்கிறது. கட்டில் இல்லாததைச் சொல்லுங்கள், முக்கியமாக உங்களுக்குப் பாதகமானதை. எதிரிக்கும் (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள்) உங்களுக்கும் ஏற்கெனவே இருக்கும் வரப்புத் தகராறு, கைமாற்றுப் பணம், அவர் உங்கள் மேல் கொடுத்திருக்கும் பழைய புகார். சம்பவத்துக்குப் பிறகு இருவருக்கும் நடந்த வாட்ஸ்அப் பேச்சு. புகார் கொடுக்க இரண்டு நாள் தாமதமானதற்கான காரணம். அடையாள அணிவகுப்புக்கு முன்பே ஸ்டேஷனிலோ டி.வி.யிலோ எதிரியின் முகத்தைப் பார்த்திருந்தால் அது. இவையெல்லாம் எதிர்த்தரப்புக்கு நிச்சயம் தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் அரசு வழக்கறிஞர் தான் முதலில் கேள்வி கேட்கும் முதல் விசாரணையிலேயே அதற்கு விளக்கம் வரும்படி கேட்பார். குறுக்கு விசாரணையில் வெடித்தால், அதற்குப் பிறகு அவர் மீண்டும் கேள்வி கேட்கும் மறு விசாரணையில் ஒட்டுப்போடுவது பெரும்பாடு.

கையில் ஒரே ஒரு தாள் போதும்: தேதிகள், ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள், எஃப்.ஐ.ஆர். நாள், மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்த நாள். சம்பவத்தைக் கதையாக எழுதிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு புது விவரிப்பும் பழைய விவரிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு காகிதம் ஆகிவிடும். போனில் வீடியோவோ குரல் பதிவோ இருந்தால் அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது. மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகக் காட்ட புதிய சாட்சியச் சட்டம் 63-இன்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் கருவியை வைத்திருந்தவரும், மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தவர்களின் வீடியோ, இந்தத் தாள் இல்லாமல் கட்டிலேயே தூங்கிக்கிடக்கும்.

வாக்குமூலத்தில் முக்கியமான ஒன்றைப் போலீஸ் எழுதாமல் விட்டிருந்தால், அதைக் கூண்டில் போய்ச் சரி செய்துகொள்ளலாம் என்று காத்திருப்பது தப்பு. விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, நகலை அரசு வழக்கறிஞருக்கும் கொடுங்கள். குற்றப்பத்திரிகை போட்ட பிறகும் மேல் விசாரணைக்கு வழி உண்டு. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் கோர்ட்டின் அனுமதி வேண்டும், 90 நாளுக்குள் முடிக்கவும் வேண்டும். அதனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இனி கூண்டு. வழக்குகள் நொண்டியாவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் நம் மொழிப் பழக்கத்தாலேயே.

குறுக்கு விசாரணை வக்கீல் கேட்கிறார்: "அவர் சிவப்புச் சட்டை போட்டிருந்தார்னு போலீஸ் விசாரணையில நீங்க சொல்லலை." இது கேள்வி மாதிரியே இருக்காது. சாட்சி தலையை ஆட்டி "சரிங்க" என்கிறார். அவர் சொன்ன "சரிங்க"வுக்கு "நீங்க சொல்றது காதில் விழுந்துச்சு" என்றுதான் அர்த்தம். டைப் ஆவது இப்படி: "சிவப்புச் சட்டை அணிந்திருந்ததாக நான் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை என்றால் சரிதான்." முடிந்தது. போலீஸ் விசாரணையில் சொல்லாத முக்கிய விஷயத்தைக் கோர்ட்டில் புதிதாகச் சொல்வது முரண்பாடாகவே எடுத்துக்கொள்ளப்படும். சொல்லியிருந்தால் "சொன்னேன். அவங்க எழுதினாங்களான்னு எனக்குத் தெரியாது" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அப்போது "சொல்லவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்று பதிவாகும். இந்த இரட்டை எதிர்மறை நடை கோர்ட்டுக்கே உரியது. முதல் தடவை கேட்பவருக்குத் தலை சுற்றும். அதனால் ஆமாம், இல்லை, சரி என்ற மூன்று வார்த்தைகளையும் தனியாக உதிர்க்காதீர்கள். புரியாவிட்டால் "கேள்வி புரியலைங்க ஐயா" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லலாம். அது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"நீங்க நின்ன இடத்துக்கும் அவர் நின்ன இடத்துக்கும் எத்தனை அடி?" என்பது அடுத்த பொறி. அளந்து பார்க்காதவர் வாய்க்கு வந்தபடி "நூறு அடி" என்பார். கேஸ் கட்டில் உள்ள, சம்பவ இடத்தின் மாதிரி வரைபடத்தில் இருபது அடி இருக்கும். "அளந்து பார்க்கலை, இந்தக் கூண்டுக்கும் அந்த வாசலுக்கும் இருக்கிற தூரம் இருக்கும்" என்பது நேர்மையான பதில். தெரியாததற்குத் "தெரியாது", மறந்ததற்கு "ஞாபகம் இல்லை". இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் அரசு வழக்கறிஞரின் முகத்தைப் பார்க்காதீர்கள். நீதிபதி அதைக் கவனிப்பார். உங்களை அவமானப்படுத்தவே கேட்கப்படும் கேள்விகளைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் முந்தைய உறவுகளைப் பற்றிக் கேட்கவே கூடாது. அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்க வேண்டிய இடம் அது.

டைப் செய்ததைச் சாட்சிக்குப் படித்துக் காட்டித் திருத்த வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் பெஞ்ச் கிளார்க் தாளை நீட்டி விரலால் இடத்தைக் காட்டுவார். ஐந்து நிமிஷம் எடுத்துப் படியுங்கள். உங்கள் வார்த்தைகள் அங்கே கோர்ட் தமிழில் இருக்கும். அர்த்தம் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் விசாரணை முடிந்ததும் எதிர்த்தரப்பு "குறுக்கு விசாரணைக்கு வாய்தா வேணும்" என்று கேட்பதுண்டு. வேண்டியவர்கள், சாதிப் பெரியவர்கள், பழைய முதலாளி என்று தூது வருவது இந்த இடைவெளியில்தான். பஞ்சாப் லஞ்ச வழக்கு ஒன்றில் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே 20 மாதம் விட்டதை 2015-இல் உச்ச நீதிமன்றம் வன்மையாகக் கண்டித்தது; அந்தச் சாட்சி அதற்குள் முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்ந்துவிட்டிருந்தார். சாட்சி வந்திருக்கும்போது, எழுத்தில் பதியத்தக்க தனிக் காரணம் இல்லாமல் விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 346 சொல்கிறது. "இன்னைக்கே முடிச்சுடச் சொல்லுங்க சார், லீவு போட்டுட்டு வந்திருக்கேன்" என்று அரசு வழக்கறிஞரிடம் முன்பே சொல்லிவையுங்கள். வந்துபோன செலவுக்கு சாட்சி பேட்டா உண்டு, கேட்காமல் கிடைக்காது. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே தெரிவியுங்கள். சம்மன் வாங்கிவிட்டுச் சும்மா இருந்தால் அடுத்தது பிடிவாரண்ட்.

பயமுறுத்தினால் வாயால் சொல்லிவிட்டு வருவதோடு நிற்காதீர்கள். உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்று நாடு முழுக்கச் செல்லும் என்று அறிவித்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. மாவட்டப் போலீஸ் தலைவர் உறுப்பினர், மாவட்டத்தில் அரசுத் தரப்பு வழக்குகளுக்குத் தலைவராக இருப்பவர் உறுப்பினர்-செயலர். மனு அந்தச் செயலர் வழியாகத்தான் போக வேண்டும். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டாலே யார் என்று சொல்வார்கள். சாட்சி கொடுக்கலாம், குடும்பத்தார் கொடுக்கலாம், வக்கீல் கொடுக்கலாம், விசாரணை அதிகாரியும் கொடுக்கலாம். டி.எஸ்.பி. நிலையில் மிரட்டல் பற்றிய அறிக்கையை 5 வேலை நாளில் தர வேண்டும். அறிக்கை வந்த 5 வேலை நாளில் மனுவை முடிக்க வேண்டும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 மாதம். மனுவில் "மிரட்டுகிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அறிக்கையும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து, என்ன வார்த்தை, யார் கேட்டது என்று எழுதுங்கள். சாட்சியை மிரட்டிப் பொய் சொல்லச் சொல்வதே புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 232-இன்படி 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம்.

சொந்த வக்கீல் வைத்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம், கோர்ட் அனுமதியோடு. ஆனால் அவர் அரசு வழக்கறிஞருக்குத் துணைதான். சாட்சிகளைத் தானே குறுக்கு விசாரணை செய்யவோ வாய்மொழியாக வாதாடவோ முடியாது என்று செஷன்ஸ் வழக்கு ஒன்றில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியை அரசு வழக்கறிஞரிடம் தரலாம், சாட்சியம் முடிந்ததும் எழுத்து மூலம் வாதம் தாக்கல் செய்யலாம். இன்னொரு லாபம் பலருக்குத் தெரியாது: வக்கீல் மூலம் ஆஜரானால் குற்றப்பத்திரிகையும் ஆவணங்களும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும், எதிரி ஆஜரான 14 நாளுக்குள். இதற்காகவே ஒரு வக்காலத்துப் போடலாம். பணமில்லாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100-இல் அழைக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு மனுவும் அங்கேதான். வந்த வக்கீல் அரசு வழக்கறிஞரோடு கௌரவச் சண்டை போடுபவராக இருந்தால், இல்லாமலிருப்பதே மேல்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் உங்கள் கை இன்னும் வலுவானது. 15ஏ பிரிவின்படி ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் உங்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். தராமல் ஜாமீன் வழங்கினால் அதை எதிர்த்துப் போகலாம். நடத்துகிற அரசு வழக்கறிஞர் மேல் நம்பிக்கை இல்லையென்றால், விதி 4(5)-ஐக் குறிப்பிட்டு மூத்த வக்கீல் ஒருவரை நியமிக்கும்படி கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். போக்சோ வழக்கில் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க அரசு வழக்கறிஞருக்கும் உரிமையில்லை, எதிர்த்தரப்புக்கும் இல்லை. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். எதிரி குழந்தையின் கண்ணில் படாமல் திரை போடவோ வீடியோ வழி விசாரிக்கவோ முன்கூட்டியே கேட்டுவையுங்கள். குழந்தை கோர்ட் வராந்தாவுக்கு வந்துவிட்ட பிறகு திரை தேடுவதில் பிரயோஜனமில்லை.

நகை பறிகொடுத்தவர்கள் மீட்ட நகையை வழக்கு முடியும் வரை கோர்ட்டிலேயே விட்டுவைக்க வேண்டியதில்லை. பில்லோடு மனுப் போட்டு, போட்டோ எடுத்து, பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதை உருக்கவோ விற்கவோ கூடாது. சாட்சி நாளன்று "சா.பொ.1 இதுதானா?" என்று கேட்கும்போது அதே செயின் அங்கே வேண்டும்.

அரசு வழக்கறிஞர் கண்டுகொள்ளவே இல்லையென்றால், நீதிபதியிடம் நேராகப் போய் முறையிடுவதற்கு முன் மேலதிகாரிக்கு எழுதுங்கள். ஏ.பி.பி.க்கு மேலே குற்ற வழக்கு தொடர்வுத் துறையின் மாவட்ட அதிகாரி உண்டு. வழக்கு எண், வாய்தா தேதி, என்ன நடக்கவில்லை, இந்த மூன்றும் இருந்தால் போதும். வசவு வேண்டாம். "செலவுக்கு" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அரசுத் தரப்பு வழக்கில் சாட்சி கொடுக்க வேண்டிய கட்டணம் எதுவும் இல்லை. அரசே வழக்கை வாபஸ் வாங்க மனுப் போட்டால், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் கோர்ட் அனுமதிக்கக் கூடாது என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 360-ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். அந்த மனு வருகிறது என்று காதில் விழுந்தால் உடனே போய் நில்லுங்கள்.

தீர்ப்பு விடுதலை என்று வந்தால் அன்றே நகல் மனுப் போடுங்கள். அரசு மேல்முறையீடு செய்யுமா என்பது அரசு வழக்கறிஞரின் கருத்து, துறையின் ஒப்புதல் என்று பல மேஜை தாண்டும் விஷயம். அதற்காக நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. பி.என்.எஸ்.எஸ். 413-இன்படி பாதிக்கப்பட்டவருக்கே மேல்முறையீட்டு உரிமை உண்டு. தனி அனுமதி தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்பானால் செஷன்ஸுக்கு, செஷன்ஸ் தீர்ப்பானால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ அதன் மதுரைக் கிளைக்கோ. விடுதலை, குறைந்த குற்றப்பிரிவில் தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்றுக்கு மட்டுமே இந்த உரிமை. பிரிவு சரி, தண்டனைக் காலம்தான் குறைவு என்பது உங்கள் குறையானால் அதற்கு அரசுதான் போக முடியும். அந்தக் கோரிக்கையைக் கடிதமாக எழுதி பி.பி. அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.